ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டால்: நாமே பார்ப்பதா, கடைக்கா, சென்னைக்கா?

"வீட்டு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பாப்பா பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கிறது. யூடியூப் பார்த்து நானே முயற்சி செய்யவா, பக்கத்துக் கடையில் கொடுக்கவா, சென்னையில் இதற்கென்றே லேப் இருக்கிறதாமே, அங்கே அனுப்பவா?"

மதுரையில் சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொடுக்கும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. சித்திரை, வைகாசியில் இடியோடு பெய்யும் கோடை மழைக்கு மறுநாளும், ஐப்பசி அடைமழையிலும் இன்னும் கூடுதலாக வரும்.

கேட்பவர்களில் பெரும்பாலோர் மனதில் ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கும். காய்ச்சல் வந்தால் முதலில் கஷாயம், கேட்காவிட்டால் தெருமுனை டாக்டர், அதற்கும் கேட்காவிட்டால் பெரியாஸ்பத்திரி என்கிற அதே வரிசை. செலவில்லாததை முதலில் பார்ப்போம், முடியாவிட்டால் அடுத்தது. உடைந்த டிஸ்க்கைப் பொறுத்தவரை இந்த வரிசைதான் ஃபைல்களைக் கொல்கிறது. நாம் வீட்டில் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் அடுத்தவருக்கு மிச்சம் வைப்பதைக் குறைத்துக்கொண்டே போகும். ஆகவே முதலில் எந்த வழி என்று தீர்மானித்துவிட்டு, அப்புறம்தான் டிஸ்க்கில் கை வைக்க வேண்டும்.

போனது டிஸ்க்தானா?

"கம்ப்யூட்டர் போச்சு" என்று வருவதில் பல நேரம் டிஸ்க் நன்றாகவே இருக்கும். பட்டனை அழுத்தினால் ஃபேன்கூடச் சுற்றவில்லையா? முதல் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே கரண்ட் கொடுக்கும் பெட்டி) மேல். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை, பீப் பீப் என்று சத்தம் வருகிறதா? ராம் என்ற மெமரித் துண்டாக இருக்கலாம். கரண்டைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, திரும்ப அழுத்தி மாட்டிப் பாருங்கள். நம் ஊர்த் தூசிக்கும் வெக்கைக்கும் இதிலேயே உயிர் வந்துவிடும் கம்ப்யூட்டர்கள் நிறைய. ஒவ்வொரு தடவையும் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட பழுதுகளுக்கு ஃபைல் மீட்பு என்ற பேச்சே வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா டிஸ்க்கை யூ.எஸ்.பி.யில் மாட்டும் அடாப்டர் ஒன்றை வாங்கி, வேறு கம்ப்யூட்டரில் செருகினால் எல்லாம் அப்படியே இருக்கும். அடாப்டர் சில நூறு ரூபாய்தான். லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யூ.எஸ்.பி. கரண்டே போதும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தனியாக வேண்டும் என்பதால், பவர் அடாப்டரோடு வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இங்கே ஒரு தடை வரலாம். விண்டோஸ் 10, 11 உள்ள பல லேப்டாப்கள், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் டிஸ்க்கைத் தாமாகவே பூட்டிவைத்துவிடுகின்றன. போர்டு போன லேப்டாப்பின் டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டினால் பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டு 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது பெரும்பாலும் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். செல்போனிலிருந்தே கணக்கில் நுழைந்து பார்க்கலாம். அந்தச் சாவி இல்லாவிட்டால் டிஸ்க்கிலிருந்து ஃபைலை எடுக்கும் எந்த வழியும் உதவாது. பணம் செலவழிக்கும் முன் இதைத் தேடி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எதை வைத்து முடிவெடுப்பது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். முதலாவதுதான் பெரியது, மற்ற நான்கும் அதற்குப் பின்னால்தான்.

*டிஸ்க்கின் நிலை.* சுழலும் டிஸ்க்கின் உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுற்றுகின்றன. அவற்றின் மேல் படிக்கும் ஹெட், சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளி அது. ஹெட் உடைந்து தட்டில் உரசினால், உரசிய இடத்தில் இருந்த காந்தப் பூச்சே சுரண்டப்பட்டுப் போகும். போன பூச்சை உலகத்தில் யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. கெட்ட டிஸ்க்குக்குத் திரும்பத் திரும்பக் கரண்ட் கொடுக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

நிலையை அறிய காதும் விரலும் போதும். மேஜையில் ஒரு துணியை மடித்து டிஸ்க்கை அதன்மேல் வைத்து, கரண்ட் கொடுத்ததும் மேல்மூடியில் விரல் நுனியை வையுங்கள். நல்ல டிஸ்க்கில் மோட்டார் வேகம் பிடிப்பது மெல்லிய அதிர்வாக விரலில் ஏறும். சில நொடியில் ஹெட் வெளியே வரும் சின்னச் சத்தம் கேட்கும். பிறகு சீரான ஓட்டம். அதற்குப் பதிலாக ஒரே தாளத்தில் டக், டக் என்று அடித்துக்கொண்டிருந்தால் ஹெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். மெல்லிய பீப் மாதிரியோ முனகல் மாதிரியோ வந்து சுற்றாமல் நின்றால் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கலாம், அல்லது மோட்டார் இறுகியிருக்கலாம். சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை என்றால், அதுவும் இடி மின்னலுக்கு மறுநாள் என்றால், டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சை போர்டு போயிருக்கலாம். இந்தச் சோதனை ஒரே தடவைதான். சத்தம் கேட்டவுடன் கரண்டைப் பிடுங்குங்கள். வீடியோ எடுத்து அனுப்புகிறேன் என்று மறுபடி ஓடவிட வேண்டாம். கீழே விழுந்த டிஸ்க், தண்ணீர் புகுந்த டிஸ்க் என்றால் இந்த ஒரு தடவைகூட வேண்டாம்.

நல்ல டிஸ்க்குக்கும் செத்த டிஸ்க்குக்கும் நடுவில் ஒரு ரகம் இருக்கிறது. டிஸ்க் தெரியும், ஃபோல்டரும் தெரியும். ஆனால் ஒரு போட்டோவைத் திறக்க ஒரு நிமிடம் ஆகும், காப்பி பாதியில் உறைந்து நிற்கும். பேட் செக்டர், அதாவது படிக்க முடியாத இடங்கள், விழத் தொடங்கிய டிஸ்க் இது. வீடுகளில் அதிகம் வருவதும் இதுதான், முடிவெடுக்கக் கஷ்டமானதும் இதுதான்.

*ஃபைல் வேறெங்காவது இருக்கிறதா.* பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஸ்கேன் போனால் திரும்ப எடுக்கலாம். தங்கையின் கல்யாணத்தில் வந்த மொய்க் கணக்கை எக்ஸெலில் ஏற்றிவிட்டு நோட்டைத் தூக்கிப்போட்டிருந்தால்? உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் மொய் என்பது திருப்பிச் செய்தே ஆகவேண்டிய கடன். யார் எவ்வளவு செய்தார்கள் என்று தெரியாமல் நாளைக்கு அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது.

*பணம்.* எவ்வளவு வரை கொடுப்பீர்கள் என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கடை கவுன்ட்டரில் நின்றுகொண்டு முடிவெடுத்தால் பதற்றம்தான் விலை பேசும்.

*நாள்.* ஜி.எஸ்.டி. தாக்கல் அடுத்த வாரம் என்றால் ஒரு வழி. பழைய போட்டோ என்றால் காத்திருக்கலாம்.

*யார் கண்ணில் படும்.* வீட்டுப் பெண்களின் போட்டோ, ஆதார் ஸ்கேன், நோட்பேடில் எழுதிவைத்த பாஸ்வேர்டு எல்லாம் அந்த டிஸ்க்கில்தான் இருக்கின்றன.

வழி 1: நாமே முயற்சி செய்வது

டிஸ்க் ஆரோக்கியமாக இருந்து, தவறு நம் கையில் நடந்திருந்தால் இதுதான் சரியான வழி. தவறுதலாக அழித்தது, குவிக் ஃபார்மட் செய்தது, விண்டோஸ் கெட்டுப்போய் உள்ளே நுழைய முடியாதது எல்லாம் இதில் அடங்கும். அழித்த ஃபைல் உடனே போய்விடுவதில்லை. அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை எடுக்கலாம். ஆனால் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்தால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும். அதன்பிறகு தேடுவது வீண்.

விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டை ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே பூட் செய்து, ஃபைல்களை வெளியே காப்பி எடுக்கலாம். ஒரு பைசா செலவில்லை. கடையில் "விண்டோஸ் மாற்றினால் சி டிரைவில் உள்ளது போகும்" என்று சொன்னால், அதற்கு முன் வீட்டிலேயே இதைச் செய்துவிடலாம். டெஸ்க்டாப்பிலும் மை டாக்குமென்ட்ஸிலும் நாம் வைப்பதெல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அழிந்ததைத் தேட டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் இரண்டும் இலவசம், நல்லவை. டெஸ்ட்டிஸ்க், தொலைந்த பார்ட்டிஷனை (சி, டி என்று பிரித்த பகுதியை) கண்டுபிடிக்கும். ஃபோட்டோரெக், ஃபைலின் தொடக்கத்தில் இருக்கும் முத்திரையை வைத்து அடையாளம் கண்டு எடுக்கும். ஆனால் பெயரும் ஃபோல்டரும் போய்விடும். எண் போட்ட ஆயிரக்கணக்கான படங்களை உட்கார்ந்து பிரிக்கப் பொறுமை வேண்டும். போட்டோவுக்கு இது பரவாயில்லை. கணக்கு எழுதும் டேலிக்கு உதவாது, ஒரு கம்பெனியின் கணக்கு பல ஃபைல்களாக ஒரே ஃபோல்டரில் கூடி இருந்தால்தான் டேலி அதைத் திறக்கும்.

நடுத்தர ரகமான பேட் செக்டர் டிஸ்க்கை வீட்டில் பார்ப்பதாக இருந்தால் ஒரே ஒரு முறைதான் சரி: முதலில் டிஸ்க்கை முழுதாக நகல் எடுங்கள், தேடுவதெல்லாம் நகலில் செய்யுங்கள். லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ இதற்கென்றே செய்யப்பட்டது. நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் வரும். எதுவரை வந்தோம் என்று ஒரு குறிப்பு ஃபைல் எழுதிக்கொண்டே போவதால் நடுவில் நிறுத்தித் தொடரலாம். கட்டளையில் எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு என்பதை மாற்றிப் போட்டால் இருப்பதும் அழிந்துவிடும். அந்த வரியை எழுதும்போது கை நடுங்குகிறவர்கள் இந்த வழியைத் தொட வேண்டாம்.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் இதில் உண்டு. பழைய டிஸ்க்கின் அளவாவது இருக்கும் புது டிஸ்க் ஒன்று வாங்க வேண்டும். நேரமும் ஆகும்: 1 டி.பி. டிஸ்க்கைப் பழைய யூ.எஸ்.பி. 2 போர்ட் வழியாக எடுத்தால், நல்ல டிஸ்க்குக்கே எட்டு, ஒன்பது மணி நேரம் ஆகலாம். பேட் செக்டர் இருந்தால் நாள் கணக்கில் போகும். நடுவில் கரண்ட் போகக்கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் பகுதியில் என்றைக்கு மின்தடை என்று பேப்பரில் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும் சரி, சாயங்காலமாகத் தொடங்கி இரவில் ஓடவிடுவது மேல். மே மாத மதியத்தில் மூடிய அறையில் ஓடவிடாதீர்கள். டிஸ்க்குக்கு நேராக டேபிள் ஃபேன் ஒன்றைத் திருப்பி வையுங்கள்.

வீட்டில் நடக்கும் மூன்று காரியங்களை நான் கையைப் பிடித்துத் தடுப்பேன். ஒன்று, "டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று விண்டோஸ் கேட்டவுடன் சரி என்று அழுத்துவது. இரண்டு, விண்டோஸில் வரும் செக்டிஸ்க் என்ற சோதனையை ஓடவிடுவது; அது ஃபைல் அட்டவணையைச் சீராக்கப் பார்க்குமே தவிர உங்கள் ஃபைலைக் காப்பாற்றும் நோக்கம் அதற்கில்லை, நோய்ப்பட்ட டிஸ்க்கில் எழுதவும் செய்யும். மூன்று, டிஸ்க்கை ஃபிரிட்ஜ் ஃபிரீசரில் வைப்பது. யூடியூபில் இன்னும் உலவுகிறது. வெளியே எடுத்ததும் உள்ளே நீர்த்துளி படியும். அதோடு தட்டைச் சுற்றவிட்டால் மிச்சம் இருப்பதும் போகும்.

இன்னொன்று: மீட்பு மென்பொருளுக்குக் கிராக் தேடாதீர்கள். காசு கேட்கும் மென்பொருள்களில் பல, இலவசப் பதிப்பிலேயே எதையெல்லாம் எடுக்க முடியும் என்று பட்டியல் காட்டும். அதைப் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.

வழி 2: ஊரிலுள்ள சர்வீஸ் கடை

டவுன்ஹால் ரோட்டிலிருந்து பைபாஸ் ரோடு வரை கம்ப்யூட்டர் சர்வீஸ் போர்டுக்குப் பஞ்சமில்லை. நல்ல கை உள்ளவர்கள் நிறையப் பேர். எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, லேப்டாப் டிஸ்ப்ளே, விண்டோஸ் எல்லாவற்றுக்கும் அவர்களிடம் போவதுதான் சரி. ஃபைல் மீட்பில் அவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது நாம் வீட்டில் ஓட்டும் அதே மென்பொருள்கள்தான், கூடவே அனுபவமும் தனி மெஷினும். அந்த அனுபவத்துக்கு விலை உண்டு. வழி 1-இல் சொன்னதெல்லாம் பயமாக இருக்கிறது என்பவர்களுக்குச் சில ஆயிரம் கொடுத்து இவர்களிடம் விடுவது நியாயமான முடிவு.

கடை தோற்பது ஹெட் போன டிஸ்க்கில். ஒரு கடையில் நான் நின்றுகொண்டிருந்தபோது, டக் டக் என்று அடிக்கும் டிஸ்க் ஒன்றை ஓர் அம்மா கொண்டுவந்தார். "திறந்து பார்த்துடலாம்க்கா, அஞ்சு நிமிஷ வேலை" என்று தம்பி ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, வாசலில் ஆட்டோ புகை. நான் சொல்லி அந்த அம்மா டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அந்தத் தம்பிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, உதவத்தான் பார்த்தார். ஆனால் கடை மேஜையில் மூடி திறந்த டிஸ்க்கின் தட்டில் விழும் ஒரு தூசி, ஹெட் மிதக்கும் உயரத்தைவிடப் பல மடங்கு பெரியது. அப்படித் திறந்ததை லேபுக்கு எடுத்துப்போனால் வாய்ப்பு குறையும், பல இடங்களில் கட்டணம் கூடும், சில இடங்களில் வாங்கவே மாட்டார்கள்.

போர்டு மட்டும் போன டிஸ்க்கில் நிலைமை வேறு. மின்னலடியில் பெரும்பாலும் முதலில் போவது போர்டில் காவலுக்கு வைத்திருக்கும் சின்ன டி.வி.எஸ். டயோடு. அதைக் கண்டுபிடித்து எடுக்கத் தெரிந்த எலக்ட்ரானிக்ஸ் கைக்காரர் நம் ஊரிலேயே உண்டு. ஆனால் "அதே மாடல் போர்டு இருக்கு, மாத்திடலாம்" என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: "பழைய போர்டில் இருக்கிற ரோம் சிப்பை இதுக்கு மாத்திப் போடுவீங்களா அண்ணே?" ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொழிற்சாலையில் அளந்து எழுதிய தனி அளவுகள் அந்தச் சிப்பில் இருக்கின்றன. பல வருஷங்களாக வரும் டிஸ்க்குகளில் சிப் மாறாமல் போர்டு மட்டும் மாறினால் வேலை நடக்காது.

கொடுக்கும் முன் வாங்கவேண்டியது: டிஸ்க்கின் மாடலும் சீரியல் நம்பரும் எழுதிய ரசீது. சொல்லவேண்டியது: "திறக்கக்கூடாது, ஃபார்மட் கூடாது, ஒரிஜினலில் எதையும் எழுதக்கூடாது, முதலில் நகல்." இதைச் சொன்னவுடன் முகம் சுளிக்கும் கடையில் கொடுக்க வேண்டாம். கேட்டுக்கொண்டு "சரி, நகல் எடுக்க டிஸ்க் வாங்கிக் கொடுங்க" என்பவர் தொழில் தெரிந்தவர். எடுத்து முடித்ததும் கடை மெஷினில் உள்ள பிரதியை உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை.

வழி 3: டேட்டா ரெகவரி லேப்

சென்னையிலும் பெங்களூரிலும் இதையே தொழிலாகச் செய்யும் இடங்கள் இருக்கின்றன. கிளீன் ரூம் (தூசி வடிகட்டிய அறை) அல்லது அதற்கு நிகரான காற்றுப் பெட்டி, அதே ரக டிஸ்க்கிலிருந்து ஹெட்டை எடுத்துப் பொருத்தும் கருவி, டிஸ்க்கின் உள் மென்பொருளோடு நேரடியாகப் பேசும் கருவி எல்லாம் அங்கே இருக்கும். கிளாஸ் 100 என்று சொல்லும் அறையில், ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரான் அளவுக்கு மேற்பட்ட துகள் நூறுக்கு மேல் இருக்கக்கூடாது. டக் டக் சத்தம், சுற்றாத மோட்டார், விழுந்த டிஸ்க், வெள்ளத்தில் நனைந்த டிஸ்க் என்றால் நேராக இங்கேதான். நடுவில் வேறு எங்கும் இறங்க வேண்டாம்.

செலவு பத்தாயிரத்தைத் தாண்டும். ஹெட் மாற்றவேண்டியிருந்தால் அதன் சில மடங்கு. இதில் மறைந்திருப்பவை: சோதனைக் கட்டணம் உண்டா, ஹெட் எடுக்க வாங்கும் ஜோடி டிஸ்க்கின் விலை யார் தலையில், "எடுக்க முடியாவிட்டால் பணம் இல்லை" என்பது அந்த ஜோடி டிஸ்க்குக்கும் சேர்த்தா, 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்துச் சொன்ன தொகையா. மீட்டதைப் போட்டுத் தரும் டிஸ்க் தனிக்காசா. இத்தனையையும் எழுத்தில் வாங்குங்கள். பணம் கட்டும் முன் எடுக்க முடிந்த ஃபைல்களின் பட்டியலைக் கேளுங்கள். நல்ல இடம் என்றால் காட்டும். அந்தப் பட்டியலில் உங்களுக்கு வேண்டிய ஃபோல்டர் இல்லாவிட்டால், மற்றது 95 சதவீதம் வந்திருந்தும் பயனில்லை.

மதுரையிலேயே "டேட்டா ரெகவரி" போர்டு போட்ட இடங்களும் இருக்கின்றன. சில, வாங்கி வெளியூருக்கு அனுப்பும் இடங்கள். அதில் தவறில்லை. ஆனால் "டிஸ்க்கை எந்த ஊரில், யார் திறப்பார்கள்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். அதற்கு நேரான பதில் வராத இடத்தில் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கூரியரைவிடக் கையில் எடுத்துப் போவதை நான் விரும்புவேன். இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியும்போது சென்னை. கொடுத்துவிட்டு வைகையில் திரும்பிவிடலாம். கூரியர்தான் என்றால் டிஸ்க்கை ஆன்டிஸ்டேடிக் கவரில் போட்டு, நான்கு பக்கமும் தடிமனாகக் குமிழ் உறை சுற்றி, பெட்டிக்குள் ஆடாதபடி வைத்து அனுப்புங்கள். செய்தித்தாளைக் கசக்கி அடைப்பது போதாது.

வாரன்டியில் இருக்கிறதே என்று கம்பெனிக்கு அனுப்பலாமா என்று கேட்கிறார்கள். வாரன்டி, டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருக்கும் ஃபைலுக்கு இல்லை. மாற்று டிஸ்க் வரும், உங்கள் பழையது திரும்பாது. ஃபைல் வேண்டுமென்றால் வாரன்டியை மறந்துவிடுங்கள்.

வழி 4: டிஸ்க்கை விட்டுவிட்டு, வேறு இடங்களில் தேடுவது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. என் அனுபவத்தில் பாதிக் குடும்பங்களுக்கு இதுதான் பொருந்துகிறது. வேண்டிய ஃபைல்களைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "வேறு யாரிடம் இருக்கும்" என்று எழுதிப் பாருங்கள்.

பத்து, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் டிஜிலாக்கரில் கிடைக்கிறதா என்று பாருங்கள். பட்டா, சிட்டா தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில். வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில். வருமான வரி, ஜி.எஸ்.டி. தாக்கல்கள் அந்தந்தத் தளத்தில். டேலிக் கணக்கின் பேக்கப் ஆடிட்டர் ஆபீஸில் இருக்க வாய்ப்பு அதிகம். முதல் போன் அங்கே போடுங்கள். மொய்க்கு ஆள் வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தால் அவர்களிடம் பிரதி இருக்கலாம்.

போட்டோவுக்கு: பீரோவில் கிடக்கும் பழைய செல்போன்கள், அக்கா வீட்டு வாட்ஸ்அப் குரூப், கூகுள் போட்டோஸ், கல்யாணம் எடுத்த ஸ்டூடியோ. வாட்ஸ்அப் படம் சுருங்கித்தான் இருக்கும், இருந்தாலும் முகம் இருக்கிறது. ஒரு வீட்டில் அழகர்கோவிலில் நடந்த காதுகுத்துப் படங்கள் முழுவதும், பயன்படுத்தாமல் விட்ட டிஜிட்டல் கேமராவின் மெமரி கார்டிலிருந்து ஃபோட்டோரெக்கில் வந்தன. கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிட்டு கார்டில் அழித்திருந்தார்கள். அதன்மேல் புதிதாக எதுவும் எழுதப்படவில்லை.

இதன் விலை உழைப்பும் அலைச்சலும். முழுமையாக எதுவும் வராது. ஆனால் டிஸ்க்குக்கு எந்தக் கேடும் இல்லை. அது பாட்டுக்குப் பெட்டியில் கிடக்கலாம், பின்னால் பணம் சேர்ந்தால் லேபுக்கு அனுப்பலாம்.

எந்த நிலைக்கு எது

| நிலை | என் தேர்வு | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|
| எஸ்.எம்.பி.எஸ்., ராம், மதர்போர்டு பழுது. டிஸ்க் நலம் | அடாப்டர் போட்டு நாமே | காப்பி எடுக்கும் முன் விண்டோஸ் மாற்றுவது |
| அழித்தது, குவிக் ஃபார்மட் | நாமே, அல்லது கடை | அதே டிஸ்க்கில் மென்பொருள் ஏற்றுவது |
| தெரிகிறது, ஆனால் ஊர்கிறது | மாற்றில்லாத ஃபைல் என்றால் லேப். மற்றதற்கு நகல் எடுக்கத் தெரிந்த கடை | செக்டிஸ்க், திரும்பத் திரும்பக் காப்பி |
| சத்தமே இல்லை, மின்னலுக்குப் பின் | டயோடு பார்க்கத் தெரிந்தவர். இல்லாவிட்டால் லேப் | வெறும் போர்டு மாற்றுவது |
| டக் டக், விழுந்தது, நனைந்தது | லேப், அல்லது வழி 4 | மறுபடி கரண்ட் கொடுப்பது, திறப்பது |

புது லேப்டாப்களில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் சிப் வகையான எஸ்.எஸ்.டி. பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் சுற்றும் தட்டு இல்லை, எச்சரிக்கைச் சத்தமும் இல்லை. நேற்று ஓடியது இன்று காணாமல் போகும். அழித்த ஃபைலைத் தேடுவதும் பெரும்பாலும் வீண். விண்டோஸ் 7 முதல் வரும் டிரிம் வசதி, அழித்த இடத்தை எஸ்.எஸ்.டி.யே துடைத்துவிட வழி செய்கிறது. அழித்த உடனே கரண்டை நிறுத்தி லேபிடம் கொடுத்தால் ஒருவேளை கிடைக்கலாம். நம்பிக்கை அதிகம் வைக்காதீர்கள். எஸ்.எஸ்.டி. அடியோடு தெரியவில்லை என்றால் வழி 3, இல்லாவிட்டால் வழி 4.

நடுத்தர டிஸ்க்கில் எப்படி முடிவெடுப்பது

அட்டவணையின் மூன்றாவது வரிசை டிஸ்க்கைக் கொண்டுவருபவர்களிடம் நான் ஒரே கேள்வி கேட்பேன்: "இதை இழந்தால் எவ்வளவு கொடுத்தாவது திரும்ப வாங்குவீர்களா?" ஆம் என்றால் நான் தொடமாட்டேன், லேபுக்கு அனுப்பச் சொல்வேன். கிடைத்தவரை போதும் என்றால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு பார்வை பார்ப்பேன். நிலையைக் காட்டும் நிறம் நீலம் என்றால் கேபிளையோ அடாப்டரையோ சந்தேகப்படலாம். மஞ்சளாகி, பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் இடங்கள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தால் உடனே நகல் எடுக்கத் தொடங்க வேண்டும். நகல் எடுக்கும் நடுவில் புதிதாக டக் சத்தம் கேட்டால் அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். வந்தவரை லாபம், மீதிக்கு லேப்.

நகலிலிருந்து ஃபைல்கள் கைக்கு வந்ததும் ஃபோல்டர் எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். ஒவ்வொரு வருஷத்திலிருந்தும் சில படங்களைத் திறந்து பாருங்கள்; பாதி சாம்பல் நிறமாக இருந்தால் அந்தப் பகுதி படிக்கப்படவில்லை. டேலியில் கம்பெனியைத் திறந்து கடைசி வவுச்சர்வரை போங்கள். தமிழில் தட்டச்சு செய்த பழைய ஃபைல்களுக்கு இன்னொன்றும் வேண்டும்: பாமினியிலோ வானவில்லிலோ அடித்தது என்றால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று பலர் தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள், கடைக்காரரானாலும் லேப் ஆனாலும்.

பழைய டிஸ்க்கை உடனே எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். மேலே தேதியும், என்ன பழுது, யார் யார் பார்த்தார்கள் என்பதையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்திருங்கள். அடுத்த கல்யாணப் பத்திரிகை வரும்போதுதான் மொய் ஃபைலில் ஒரு பக்கம் குறைகிறது என்பது தெரியவரும்.